தன் பெயருக்கு ஒரு லாரி: பிரிட்டன் டிரைவர்கள் மறக்காத கம்பெனிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் 1950களிலிருந்து 1980கள் வரை லாரி ஓட்டியவர்களில் பலர் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஊர் பெயருக்கு முன்னால் கம்பெனி பெயர்தான் வரும். அப்புறம் லாரியின் பெயர், அதன் பதிவு எண், அதை முதலில் கையில் கொடுத்த முதலாளி என்று போய்க்கொண்டே இருக்கும். இந்த விஷயத்தைப் பல வருடமாக ஆசையோடு தேடிப் படித்து வருகிறேன். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் தருகிறேன்.

லாரி கம்பெனி மேல் டிரைவருக்கு அப்படி என்ன பாசம்? சம்பளம் ஒழுங்காக வந்தால் போதாதா?

சம்பளம் வேண்டும்தான். ஆனால் பாசம் வந்தது வேறு இடத்திலிருந்து. நல்ல கம்பெனி என்று பெயர் எடுத்தவை ஒரு டிரைவருக்கு ஒரு லாரி என்று கொடுத்தன. அந்த லாரியை வேறு யாரும் தொட மாட்டார்கள். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்த பிறகும் ஷெட்டிலேயே நின்று, தன் லாரியைக் கழுவித் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

கதவில் கம்பெனி பெயரைக் கையால் எழுதுவார்கள். தங்க நிற எழுத்து, நிழல் கோடு, ஓரத்தில் சுருள் வேலை. எழுதுகிற ஓவியர் உள்ளூர்க்காரராக இருப்பார். புது லாரி வந்தால் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். நாற்பது வருடம் கழித்தும் தன் முதல் லாரியின் நம்பரைத் தடுமாறாமல் சொல்கிறார்கள் என்றால், நம்பிக் கொடுத்த பொருளை மனுஷன் மறப்பதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சிறிய குடும்பக் கம்பெனிகளில் முதலாளியே ஒரு காலத்தில் லாரி ஓட்டியவராக இருப்பார். பனியில் மலை ஏறுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். 'ஏன் தாமதம்' என்ற கேள்வியே வராது.

மலை என்றதும் எல்லோரும் 'ஷாப்' என்கிறார்களே, அது என்ன?

வடமேற்கு இங்கிலாந்தில், கெண்டலுக்கும் பென்ரித்துக்கும் நடுவில் ஏ6 சாலை ஏறி இறங்குகிற மேட்டுநிலம். ஸ்காட்லாந்துக்குப் போகிற லோடு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். எட்டுச் சக்கர லாரி, மொத்த எடை 22 டன் அல்லது 24 டன். அதை இழுப்பதோ 112 குதிரைசக்தி கார்ட்னர் டீசல் இன்ஜின். நடந்து போகிறவர் முந்திவிடுகிற வேகத்தில் ஏறும். பல கேபின்களில் ஹீட்டர் கிடையாது. டிரைவர் ஓவர்கோட்டோடு உட்கார்ந்து, காலுக்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓட்டுவார். 1957 வரை கனரக லாரிக்கு வேக வரம்பே மணிக்கு 20 மைல்தான். அதற்குப் பிறகுதான் 30 ஆனது.

கெண்டலுக்கு வடக்கே 'ஜங்கிள் கஃபே' என்று லாரிக்காரர்களுக்கான ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. மேலே பனி விழுந்து சாலை அடைத்துவிட்டால் அங்கேதான் கூட்டம். மலையோரக் குடும்பங்கள் முன்பின் தெரியாத டிரைவர்களை வீட்டுக்குள் அழைத்துச் சாப்பாடு போட்டுப் படுக்க இடம் கொடுத்திருக்கின்றன. 1970-இல் எம்6 நெடுஞ்சாலை அந்தப் பகுதியைக் கடந்து திறக்கப்பட்டதும் ஏ6 அமைதியாகிவிட்டது. இப்போது உச்சியில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அந்த வழியில் ஓட்டிய டிரைவர்களையும், சாலை போட்டவர்களையும், சிக்கியவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்த ஊர்க்காரர்களையும் அதில் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார்கள். அரசனுக்கும் தளபதிக்கும் கல் வைக்கிற நாட்டில் லாரிக்காரருக்கும் ஒரு கல் இருக்கிறதே என்று எனக்கு நிறைவாக இருந்தது.

பி.ஆர்.எஸ். என்பது அரசுக் கம்பெனிதானே? அதைப் போய் யார் ஆசையாக நினைப்பார்கள்?

நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1947-ஆம் வருடச் சட்டப்படி தொழிற்கட்சி அரசு தொலைதூர லாரிப் போக்குவரத்தை நாட்டுடைமையாக்கியது. 1948 முதல் கம்பெனிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு 'பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸ்' என்ற பெயரில் சேர்த்தார்கள். உச்சத்தில் சுமார் 40,000 வண்டிகள். பொதுச் சரக்கு லாரிகள் சிவப்பு, கதவில் சக்கரத்தோடு ஒரு சிங்க முத்திரை. வெளியே மிஞ்சிய தனியார் லாரிகள், தனி அனுமதி இல்லாவிட்டால், தங்கள் ஷெட்டிலிருந்து 25 மைலுக்குள்தான் ஓடலாம்.

முதலாளிகளுக்கு இது பெரிய துக்கம். அப்பா குதிரை வண்டியில் ஆரம்பித்து, தான் லாரியாக வளர்த்த தொழில் ஒரே கடிதத்தில் போயிற்று. தன் பெயர் எழுதிய கதவின் மேல் சிவப்பு பெயின்ட் அடிப்பதை நின்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது.

ஆனால் ஸ்டீயரிங் பிடித்தவருக்கு வேறு அனுபவம். சங்கத்தோடு பேசி முடித்த சம்பளம், ஒழுங்கான பராமரிப்பு, பெரிய ஊர்களில் எல்லாம் டிப்போ, சூடான சாப்பாட்டுக்கு கேன்டீன். இரவு லாரிகளுக்கு ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. லண்டனிலிருந்து ஒருவர் கிளம்புவார், மான்செஸ்டரிலிருந்து ஒருவர் கிளம்புவார். பாதி வழியில் சந்தித்து வண்டியை மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். விடிந்தால் இருவரும் அவரவர் வீட்டில். வாரம் முழுவதும் வாடகை அறையில் படுத்துப் பழகியவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! லாரியையே அவர்களுக்கென்று கட்டினார்கள். அதே நாட்டுடைமைக் குடும்பத்தில் இருந்த பிரிஸ்டல் தொழிற்சாலை 1952 முதல் எட்டுச் சக்கர லாரிகளைச் செய்து கொடுத்தது.

1953-இல் கன்சர்வேட்டிவ் அரசு இதைத் திருப்பி விற்கச் சட்டம் கொண்டுவந்தது. பாதி வழியில் விற்பனை நின்றதால் பி.ஆர்.எஸ். முழுக்க மறையவில்லை.

டிரைவர்களே கம்பெனியை வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான்.

1969 முதல் பி.ஆர்.எஸ்., வீட்டுச் சாமான் ஏற்றும் பிக்ஃபோர்ட்ஸ் எல்லாம் 'நேஷனல் ஃப்ரைட் கார்ப்பரேஷன்' என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருந்தன. 1980களின் தொடக்கத்தில் தாட்சர் அரசு அதை விற்க முடிவு செய்தது. தலைமைப் பொறுப்பில் இருந்த பீட்டர் தாம்சன், வெளியாளிடம் போவதற்குப் பதிலாக ஊழியர்களே வாங்கலாம் என்று இறங்கினார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு விளக்கினார்கள். டிரைவர், மெக்கானிக், கிளார்க், ஓய்வு பெற்றவர் என்று சுமார் 10,000 பேர் தங்கள் சேமிப்பைப் போட்டார்கள். 1982 பிப்ரவரியில் 53.5 மில்லியன் பவுண்டுக்குக் கம்பெனி கைமாறியது.

அப்போது பிரிட்டன் பொருளாதாரம் படுத்துக் கிடந்தது. லாரித் தொழில் அதைவிட மோசம். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு நூறு பவுண்டு எடுத்து வந்து போட்டவர்களின் பங்கு, 1989-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது பல மடங்காகப் பெருகியிருந்தது. வீட்டுக் கடனை அடைத்தவர்கள் உண்டு. அதைவிட, தான் ஓட்டுகிற லாரியில் தனக்கும் ஒரு பங்கு என்ற உணர்வோடு ஏழு வருடம் வேலை பார்த்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சந்தைக்கு வந்தபின் பெயர்கள் மாறின, உரிமை கைமாறியது. அந்த ஏழு வருடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர்கள் 'கம்பெனி' என்பதில்லை, 'நாங்கள்' என்கிறார்கள்.

கயிறு கட்டுவதைப் பற்றி ஏன் இவ்வளவு பெருமையாகப் பேசுகிறார்கள்?

அது ஒரு கலை என்பதால்தான். அந்தக் கால லாரிக்குப் பக்கச் சுவர் கிடையாது, வெறும் தட்டு. அதில் மூட்டையோ பெட்டியோ பேப்பர் உருளையோ ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு, கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். 'டாலி' என்று ஒரு முடிச்சு. கயிற்றில் ஒரு மடிப்பு சுருட்டி, கீழே கொக்கியில் மாட்டி இழுத்தால் கை பலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இறுக்கம் கிடைக்கும். அவிழ்க்கும்போது ஒரே உதறலில் விட்டுவிடும். புதுப் பையன் இதைக் கற்றுக்கொண்ட நாள் முதல்தான் டிரைவர்.

தார்ப்பாயின் மூலைகளைத் தபால் உறை மடிப்பது போல மடிப்பார்கள். முன்பக்க மடிப்பில் காற்று புகுந்தால் அரை மணியில் தார்ப்பாய் கிழிந்து பறக்கும். பின்னால் வருகிறவர், கயிறு கட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனி ஆள் என்று சொல்லிவிடுவார். மழையில் நனைந்த தார்ப்பாயைத் தனி ஆளாக லோடு மேல் ஏற்றுவது முதுகை ஒடிக்கிற வேலை. மேலேயிருந்து வழுக்கி விழுந்து வேலையை இழந்தவர்களும் உண்டு. அதனால் இந்தக் கலை போய்விட்டதே என்று நான் முழுக்க வருத்தப்பட மாட்டேன். செஷயரில் காங்கிள்டன் ஊரின் போவல்லாய் கம்பெனி 1960களின் கடைசியில் பக்கத்திரை வண்டியைக் கொண்டுவந்தது. திரையை இழுத்துவிட்டு, பட்டையை மாட்டினால் முடிந்தது. இன்று பிரிட்டன் சாலையில் பார்க்கிற லாரிகளில் நிறைய அந்த மாதிரிதான்.

எடி ஸ்டோபார்ட் லாரிகளுக்குப் பெண் பெயர் வைத்தது ஏன்?

கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூரில் விவசாய வேலைகளை ஒப்பந்தம் எடுத்த எடி ஸ்டோபார்ட்தான் இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். லாரித் தொழிலாக வளர்த்தது அவர் மகன் எட்வர்ட். 1970களில் கார்லைலுக்கு இடம் மாறினார்கள். தனக்குப் பிடித்த நட்சத்திரங்களின் பெயரை எட்வர்ட் லாரிகளுக்கு வைத்தார். முதல் பெயர் ட்விக்கி, மாடலிங்கில் புகழ்பெற்றவர். அப்புறம் பாடகிகள் டாமி, டாலி, சூசி. பிறகு ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பெண் பெயர் என்பதே வழக்கமாகிவிட்டது.

அவர் செய்த இன்னொரு காரியம் டிரைவருக்குச் சட்டையும் டையும் கட்டாயம் என்றது. அழுக்கு உடையும் அழுக்கு லாரியும் இந்தத் தொழிலின் அடையாளம் என்று மக்கள் நினைத்த காலம் அது. கிண்டல் செய்தவர்கள் கொஞ்ச நாளில் நிறுத்திக்கொண்டார்கள். சரக்கு கொடுக்கப் போன இடத்தில் வாசல் காவலாளி நடத்துகிற விதமே மாறியது என்று பழைய டிரைவர்கள் சொல்வதுண்டு. கார் பின்சீட்டில் உட்கார்ந்து ஸ்டோபார்ட் லாரி பெயர்களை எண்ணிக்கொண்டே போன குழந்தைகள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். கை காட்டினால் டிரைவர் திருப்பிக் கை காட்டி ஹாரன் அடிப்பார். ரசிகர் மன்றமே உருவானது. எட்வர்ட் 2011-இல் 56 வயதில் இறந்தார். கம்பெனி 2021-இல் கலினா குழுமத்திடம் போனது. பெயர் இன்னும் ஓடுகிறது.

மத்திய கிழக்குக்கு லாரியிலேயே போனார்களாமே?

ஆமாம், லண்டனிலிருந்து தெஹ்ரான், தோஹா வரைக்கும். 1964-இல் பாப் பால், மைக்கேல் வுட்மன் என்ற இருவர் 'கை வாரியர்' (Guy Warrior) என்ற மாடல் லாரியில் ஆப்கானிஸ்தானின் காபூல் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஏஷியன் ட்ரான்ஸ்போர்ட்', சுருக்கமாக ஆஸ்ட்ரான். லாரிக்காரர்களிடம் இந்தப் பெயருக்கு இருக்கிற மரியாதை தனி.

1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகள் கையில் பணம் புரண்டது, சிமென்ட் முதல் இயந்திரம் வரை எல்லாம் அவசரம். துறைமுகங்களில் கப்பல்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. லாரி அதைவிட வேகம். ஜெர்மனி, ஆஸ்திரியா, யூகோஸ்லாவியா, பல்கேரியா, துருக்கி என்று ஒரு வழிக்கே 5,000 கிலோமீட்டருக்கு மேல். இஸ்தான்புல்லில் லோண்ட்ரா கேம்ப் என்ற தங்குமிடத்தில் எல்லோரும் கூடுவார்கள். முன்னால் சாலை எப்படி, எந்த எல்லையில் எத்தனை நாள் வரிசை என்ற செய்தி அங்கேதான் கிடைக்கும். தொலைபேசி கிடைப்பது அரிது. எதிரில் வருகிற லாரியை நிறுத்திப் பேசினால்தான் தகவல்.

கிழக்குத் துருக்கியில் தாஹிர் என்றொரு கணவாய். தார் போடாத மண் சாலை, ஒரு பக்கம் பள்ளம், குளிர்காலத்தில் பனிக்கட்டி. டீசல் மெழுகு போல உறைந்துவிடும். டேங்க்குக்குக் கீழே நெருப்பு மூட்டி இளக்குவார்கள், கேட்கவே பயமாக இருக்கிறது. அதைத் தாண்டினால் அராரத் மலையடிவாரத்தில் ஈரான் எல்லை. சவூதிப் பக்கம் போகிறவர்களுக்கு எண்ணெய்க் குழாயை ஒட்டியே முடிவில்லாமல் நேராக ஓடுகிற 'டேப்லைன்' சாலை. போய்வர வாரக்கணக்கில் ஆகும். டிரெய்லரின் பக்கவாட்டுப் பெட்டியில் அடுப்பு, அரிசி, டின் உணவு, தண்ணீர் எல்லாம் இருக்கும்.

இவ்வளவு கஷ்டப்பட்டும் ஏன் ஆசையாக நினைக்கிறார்கள்? புறப்பட்ட பிறகு முடிவெடுப்பது முழுக்க டிரைவர்தான். எந்த வழி, எங்கே நிற்பது, உடைந்ததை எப்படிச் சரி செய்வது, அதிகாரியிடம் எப்படிப் பேசுவது, எல்லாமே. கம்பெனி அவரை நம்பி லாரியையும் காகிதங்களையும் ரொக்கத்தையும் கொடுத்து அனுப்பியது. வேறு நாட்டு லாரிக்காரர் நடுவழியில் நின்றாலும் இறங்கிப் போய் உதவுவது எழுதாத சட்டம். பல்கேரியர்கள், ஹங்கேரியர்கள், துருக்கியர்கள் குறைந்த கட்டணத்துக்கு ஓட ஆரம்பித்ததும், துறைமுகங்கள் விரிந்ததும், 1980-இல் ஈரான்-ஈராக் போர் மூண்டதும் சேர்ந்து இந்தத் தொழிலைச் சுருக்கிவிட்டன.

பிக்ஃபோர்ட்ஸ் வீட்டுச் சாமான் ஏற்றும் கம்பெனிதானே?

இன்று அப்படித்தான் தெரியும். 17-ஆம் நூற்றாண்டில் செஷயரில் வேர் விட்ட பழைய பெயர் அது. ஆனால் டிரைவர்கள் பேசுவது அதன் கனரகப் பிரிவைப் பற்றி. மின்நிலையங்களுக்கு 100, 200 டன் டிரான்ஸ்ஃபார்மர்களை நகர்த்தியவர்கள். முன்னால் ஸ்காமல் என்ற இரண்டு கனரக இழுவை வண்டிகள் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, டிரெய்லரின் பின்பக்கம் தனி ஆள் உட்கார்ந்து திருப்புவார். ஊரே வேடிக்கை பார்க்கும்.

இவர்களுக்குச் சரியான போட்டி, சவுத் வேல்ஸ் நியூபோர்ட்டின் ராபர்ட் வின் அண்ட் சன்ஸ். 1863-இல் தொடங்கிய குடும்பம். போருக்குப் பின் அமெரிக்க ராணுவத்தின் பசிபிக் டாங்க் இழுவை வண்டிகளை வாங்கி, தங்கள் பட்டறையிலேயே மாற்றிக் கட்டினார்கள். டிரெட்நாட், கான்கரர், என்டர்பிரைஸ் என்று போர்க்கப்பல் போலப் பெயர். பழைய பாலங்கள் அந்த எடையைத் தாங்காது என்பதால் 1960களின் பிற்பகுதியில், ஹோவர்கிராஃப்ட் முறையில் டிரெய்லருக்கு அடியில் காற்று மெத்தை அமைத்துப் பாரத்தைக் குறைத்துக் கடந்ததும் நடந்திருக்கிறது. ஒரு குழுவாக வாரக்கணக்கில் ஒன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி வேலை செய்தவர்கள், அதனால் இந்தப் பிரிவில் நட்பு கடைசிவரை நீடித்தது.

கிறிஸ்டியன் சால்வசன் என்ற பெயரும் அடிபடுகிறதே, அது எந்தக் கம்பெனி?

ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் 1872-இல் தொடங்கி, தெற்கு ஜார்ஜியாவில் திமிங்கில வேட்டை நடத்திய கம்பெனி. வேட்டையை 1963-இல் விட்டுவிட்டு, குளிர்பதனக் கிடங்கு, உறைந்த உணவு லாரி என்று மாறியது. 2007-இல் பிரான்ஸின் நார்பெர் தாந்த்ரெசாங்கிள் என்ற லாரிக் கம்பெனி அதை வாங்கியது.

எல்லாக் கம்பெனியும் நல்லதுதானா?

இல்லை. டயர் தேய்ந்த லாரியைக் கொடுத்து, ஓட்டும் நேரப் பதிவேட்டைப் பொய்யாக எழுதச் சொன்ன முதலாளிகளும் இருந்தார்கள். மறுத்தால் மறுநாள் வேலை இல்லை. ஓட்டும் நேரத்தையும் வேகத்தையும் தானாகப் பதிவு செய்கிற டாகோகிராஃப் கருவி வந்தபோது 'கேபினுக்குள் ஒற்றன்' என்று டிரைவர்களே எதிர்த்தார்கள். பிரிட்டனும் இழுத்தடித்து, ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன பிறகு 1981 முடிவில்தான் கட்டாயமாக்கியது. என் கருத்தில் அந்தக் கருவி டிரைவருக்கு நன்மையே செய்தது. தூங்காமல் ஓட்டு என்று சொல்கிற முதலாளிக்கு எதிராகக் கையில் ஒரு சாட்சி கிடைத்ததே.

இதற்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சாலையில் தினமும் பார்க்கிற தொடர்பு. லேலண்ட் என்பது லங்காஷயரில் ஒரு ஊர். அங்கே பிறந்த கம்பெனி, சென்னையில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸோடு சேர்ந்தது. 1955 முதல் அசோக் லேலண்ட். எண்ணூரிலிருந்து வந்த காமெட் லாரியும் ஷாப் மலை ஏறிய காமெட்டும் ஒரே குடும்பம். அந்தக் கிழவர்கள் தங்கள் லேலண்டைப் பற்றிப் பேசுவதைப் படிக்கும்போது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

நைட்ஸ் ஆஃப் ஓல்டு என்ற லாரிக் கம்பெனி மூடியதற்கு ஏன் அவ்வளவு வருத்தம்?

நார்தாம்ப்டன்ஷயரில் 'ஓல்டு' என்றே ஒரு கிராமம். 1865-இல் வில்லியம் நைட் ஒரு குதிரை வண்டியோடு தொடங்கியது. இரண்டு உலகப் போரையும் தாண்டிய கம்பெனி. 2023-இல் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல் ஒன்று அதன் கணக்குகளை முடக்கியது. சில மாதத்தில் மூடிவிட்டார்கள். 158 வருடக் கம்பெனி போயிற்று, சுமார் 700 பேரின் வேலையும் போயிற்று. லாரிகள் நன்றாகத்தான் இருந்தன, ஓட்ட ஆளும் இருந்தது.

பழைய லாரிகளை இன்று எங்கே பார்க்கலாம்?

லேலண்ட் ஊரிலேயே பிரிட்டிஷ் வணிக வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. ஓடுகிற லாரியாகப் பார்க்க வேண்டுமானால் மே மாதம் போங்கள். லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை பழைய சரக்கு வண்டிகளின் ஓட்டம் 1962 முதல் நடந்து வருகிறது. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, பழைய கம்பெனியின் வண்ணத்தையே தேடிப்பிடித்து அடித்து, கதவில் அதே எழுத்தை எழுதிக் கொண்டுவருவார்கள். பக்கத்தில் நிற்கிற பெரியவரிடம் தயங்காமல் பேசுங்கள். அந்தக் கம்பெனியில் ஓட்டியவராகவே இருக்கலாம். டாலி முடிச்சு போட்டுக் காட்டச் சொன்னால் மறுக்க மாட்டார்.